பவானிக்கு நான் காய்ச்சிய பாதாம் பால்

என் பிரியமான பவானி அப்பாவுக்கு,

பாப்பிரெட்டிப்பட்டியில் மார்கழிக் குளிர் இறங்கிவிட்டது. சித்தேரி மலைப் பக்கம் எட்டு மணி வரை பனி விலகுவதில்லை. நீங்கள் இல்லாமல் நாங்கள் கழிக்கும் முதல் குளிர்காலம்.

ஆடியில் உங்களைக் கொண்டுபோன நெஞ்சுவலி, நம் மகளின் ஓட்டத்தையும் நிறுத்திவிட்டது. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறியவள், ஓட்டப் பயிற்சிக்கு மைதானத்துப் பக்கமே போகவில்லை. விடியற்காலையில் அவளை எழுப்பி, பாதாம் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸை எடுக்கப் போவீர்களே, அந்த வேலையை இனி யார் செய்வது? இரண்டு வாரத்துக்கு முன், நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

ஊறிய பாதாமைத் தோலுரித்து, முந்திரியோடு அரைத்துப் பாலில் விட்டு, சுக்குப் பொடி தூவினேன். கொதிக்கும்போதே வெல்லத்தையும் போட்டேன். பால் திரிந்துபோனது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பவானி எழுந்து வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, கொதிக்கறப்ப வெல்லத்தப் போட்டா திரியாம என்ன பண்ணும்? அப்பா அடுப்ப நிறுத்தி, சூடு தணிஞ்ச பொறவுதான் போடுவாரு."

"எனக்கென்ன தெரியும்? அந்த நேரத்துல என்னைய சமையக்கட்டுக்குள்ள வுட்டாரா உங்கப்பா?"

சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். ஐந்து மாதமாக அவள் உங்கள் பேச்சையே எடுக்கவில்லை, தெரியுமா? நானும் அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் காய்ச்சுவேன். குடிச்சிட்டு ஓடு, இல்லன்னா குடிச்சிட்டுப் படுத்துக்க. நான் நிறுத்த மாட்டேன்" என்றேன்.

நான்காம் நாள் பால் திரியவில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு, "சுக்கு தூக்கலா இருக்குது" என்றாள். ஆனாலும் டம்ளரைக் காலி செய்தாள். பிறகு ஷூவைத் தேட ஆரம்பித்தாள்.

மைதானத்துக்கு நானும் போனேன். இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலம்மா."

"இன்னிக்கு ரெண்டு போதும். நாளைக்கு மூணு சுத்து."

இன்று ஐந்து சுற்று ஓடினாள். அடுத்த மாதம் ஓட்டத் தேர்வு. குறித்த நேரத்துக்குள் ஓடி முடிப்பாளா? தெரியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

தேறினாலும் தேறாவிட்டாலும், இந்தப் பிள்ளையைத் தனியாக ஓட விட மாட்டேன். இது உங்களுக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
பவானியின் அம்மா சாந்தி