நாலு என்று ஆரம்பி

தம்பி,

அப்பாவுக்கு மாத்திரை இரண்டு. ஆனால் "ரெண்டு சாப்பிடுங்கப்பா" என்று சொல்லிவிடாதே. போன வாரம் நீ அப்படிச் சொல்லித்தான் அவர் ஒன்றில் முடித்துவிட்டார். மறதி நோய் எல்லாப் பெயர்களையும் வாரிக்கொண்டு போனாலும் பேரத்தை விட்டுவைத்திருக்கிறது. கையில் இரண்டே வைத்துக்கொண்டு நாலு என்று ஆரம்பி. முகத்தைச் சுளிப்பார், எழுந்து போவதுபோல நடிப்பார். மூன்றுக்கு இறங்கு. கடைசியில், "சரி, உங்களுக்காக ரெண்டு" என்று அலுத்துக்கொண்டே கொடு. ஜெயித்த சந்தோஷத்தில் விழுங்கிவிடுவார்.

சோறு அடுப்பின் மேல் இருக்கிறது. வாசல் சாவி உன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். எப்போதோ மூடிவிட்ட தன் கடையைத் திறக்கக் கிளம்பிவிடுவார்.

"வீட்டுல சும்மாதானே இருக்கே" என்று நீ போனில் சொன்னாயே, ஒரு நாள் நீ அப்படிச் சும்மா இருந்து பார். தோழி வீட்டுக்குத் தூங்கப் போகிறேன். நாளை சாயங்காலம்வரை கூப்பிடாதே.

அக்கா

பின்குறிப்பு: நேற்று தலை வாரிவிடும்போது, "நீ யாரும்மா?" என்றார். "உங்க பொண்ணுப்பா" என்றேன். "போம்மா, என் பொண்ணு இவ்வளவு கிழவி இல்ல" என்றார். உன்னையும் கேட்பார். மகன் என்றே சொல். நம்பாவிட்டாலும் பக்கத்தில் உட்கார். நாலு வருஷமாக நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.