தலைகீழாக வைத்த கல்பெட்டி

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும், பிறந்து பதினைந்தே நாளான உன் மூக்குக்கண்ணாடிக் கடையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது, நான் கூப்பிட்டால் நீதான் போனை எடுப்பதில்லையே. அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய், அவரும் போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், அவ நல்லாத்தான் இருக்கா, சாப்பிட்டா என்று கிசுகிசுக்கிறார், நான் என்னவோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

கடை திறந்த அன்று நான் வராததில் உனக்கு எவ்வளவு கோபம் என்று தெரியும். உனக்கு எப்பவும் கல்லுதாம்மா முக்கியம் என்று சொல்லிப் போனை வைத்தாய். ஆபீசில் லீவு தரவில்லை என்று சொன்னேன் இல்லையா, அது பொய். லீவு கிடைத்து, துணிமணிகூட அடுக்கியாகிவிட்டது, நானேதான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று சொல்கிறேன், பாதியில் கிழித்துப் போடாமல் படி.

இந்த மலையில் நாங்கள் செம்பு தேடுவது உனக்குத் தெரியும். எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி, ஆறி, இறுகிய பாறை. பால் பொங்கினால் நுரை மேலே நிற்பதுபோல, ஒவ்வொரு அடுக்கிலும் உச்சியில் காற்றுக் குமிழிகள் நெருக்கியடித்து நிற்கும், கீழே போகப்போக அருகிவிடும். அந்தப் பொந்துகளில்தான் செம்பு வந்து உட்கார்ந்திருக்கும். மெஷின் துளைத்து எடுக்கும் மணிக்கட்டுப் பருமன் கல்தண்டுகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, எந்தப் பக்கம் மேல் என்று ஓரத்தில் அம்புக்குறி போடுவார்கள். எந்த ஆழத்தில் என்ன கல் என்று பார்த்து எழுதுவது என் வேலை, இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன். கடைசிப் பெட்டியில் முதலில் செம்பு, அப்புறம் வெறுங்கல். செம்பு முடிந்துவிட்டது, துளையை நிறுத்தலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றியாயிற்று.

உன்னைப் பார்க்கக் கிளம்புவதற்கு முந்தின நாள், ஷெட்டைப் பூட்டுமுன் அந்தப் பெட்டியைச் சும்மா ஒரு தடவு தடவினேன். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டாயிற்று, விரல் மட்டும்தான் பார்த்தது. பொந்துகள் கீழே போகப்போக அருகாமல் கூடிக்கொண்டே போய், சட்டென்று வழவழவென்று கல். நுரை எங்கேயாவது பாத்திரத்தின் அடியில் நிற்குமா? கண்ணாடியை மாட்டி, மூக்கு உரசக் குனிந்து பார்த்தால் அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டுகிறது. பெட்டியைத் தலைகீழாக வைத்துப் படித்திருக்கிறேன். செம்பு அங்கே முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது, நாங்கள் வாசலில் கால் வைத்ததும் திரும்பியிருக்கிறோம்.

வாயை மூடிக்கொண்டு உன்னிடம் வந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. மனசு கேட்கவில்லை, நேரே மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், நீங்களாம்மா என்று ஒரே வார்த்தை கேட்டார். மெஷின்காரர், நாம் இடிமுழக்கம் என்று சொல்வோமே அவர்தான், நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன், நீங்களே பேசிச் சமாளிங்க என்று போனை என் கையில் திணித்துவிட்டார். அந்த அம்மாளிடம் வாங்கிய வசவை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். ஏற்றிய மெஷினை இறக்கச் சொல்லிவிட்டு நான் ஊருக்குக் கிளம்பினால் நன்றாகவா இருக்கும்? இருந்தேன். மறுபடி துளைத்ததில் ஒன்பது மீட்டர் செம்பு. உடனே உன் அம்மா மலையையே செம்பாக்கிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைக்காதே, இன்னும் நாலைந்து துளை போட்டால்தான் தேறுமா தேறாதா என்று தெரியும். இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறோம், என் உபயம்.

அம்புக்குறி எப்படித் தெரியாமல் போச்சு என்று மேனேஜர் கேட்டார். கண்ணாடி பழசு, பவர் போதவில்லை என்றேன். மாத்தியிருக்கலாமே என்றார். ஏன் மாற்றவில்லை என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். கடை வைக்கப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து, ஒன்றரை வருஷமாக, உன் கடையில் விற்கும் முதல் கண்ணாடி என் மூக்கில்தான் ஏற வேண்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு அழாதே, பிடிவாதம் என்னுடையது, தப்பும் என்னுடையது. மேனேஜரிடம் இரண்டே நிமிஷத்தில் சொன்னதை உன்னிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

நீயும் உன் கடையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கடை ஷட்டரைத் தனியாகத் தூக்காதே, இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பதினெட்டாம் தேதி காலையில் வருகிறேன், முதல் ஆளாக வர முடியவில்லை, வரிசையில் எத்தனையாவது ஆளோ அங்கே உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் அதே பழைய கண்ணாடியோடு இருக்கும்
உன் அம்மா