சூப்பர் பதிவு, தோழி!

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

"நாலு பேர் பிளாக்ல போய் கமெண்ட் போட்டாத்தான் நம்ம பிளாகுக்கு நாலு பேர் வருவாங்க" என்றீர்கள். அந்த நாலு பேரும் ஏன் பெண்களாகவே இருக்கிறார்கள்? ஒவ்வொருத்திக்கும் "தோழி" வேறு!

உங்கள் குட்டை உடைக்கத்தான் வேறு பெயரில் நானும் பிளாக் தொடங்கினேன். என் அம்மா இறந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் போனை நோண்டிக்கொண்டு நின்றதை எழுதினேன். கண்டுபிடித்துவிடுவீர்களோ என்று பயமாகக்கூட இருந்தது.

நேற்று உங்கள் கமெண்ட் வந்தது: "சூப்பர் பதிவு, தோழி! சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. அப்படியே நம்ம பக்கமும் வந்துட்டுப் போங்க."

பெண்கள் விஷயத்தில் உங்கள் மீதிருந்த சந்தேகம் போய்விட்டது. இப்போது வேறொன்று பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷமாக நான் பேசியதற்கெல்லாம் "சரிம்மா" என்றீர்களே, அதில் எதையாவது காதில் வாங்கினீர்களா?

இப்படிக்கு,
உங்கள் தோழிகளில் ஒருத்தி