ஒரே முறை கேட்கிற வீடு

மார்ச் 4, திங்கள்

மகனின் வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து எதிர்பார்த்திருந்த கேள்வியை இன்று காலை மருமகள் கேட்டேவிட்டாள். பால் பொங்குகிற நேரம். திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

"அத்தை, நீங்க எங்களோடயே இருந்துடறீங்களா?"

"ஐயையோ, அதெல்லாம் வேணாம்மா. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றேன்.

"சரி அத்தை" என்று சொல்லி அடுப்பை அணைத்தாள்.

சரியா? சரி என்றால் என்ன அர்த்தம்? வேலைக்குக் கிளம்புகிற அவசரமாக இருக்கும். நிதானமாக உட்கார்ந்து மறுபடி கேட்பாள். அப்போது கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, உங்கள் திருப்திக்காக என்று ஒப்புக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் போன பிறகு ஊரில் அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்றுதான் என்னோடு பேசுகிறது.

மார்ச் 6, புதன்

கேட்கவில்லை.

மார்ச் 9, சனி

மகன் எனக்குத் திரும்பிப் போக டிக்கெட் போட்டுவிட்டான். இருபத்தெட்டாம் தேதி.

"ஜன்னல் ஓரமாப் பாத்து வாங்கியிருக்கேம்மா. உனக்குப் பிடிக்கும்ல?"

"ரொம்பப் பிடிக்கும்" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள் இருன்னு சொல்லலாம்னு பாத்தேன். ஆனா நீ ஒரு தடவை சொன்னா சொன்னதுதானே. சின்ன வயசுல ரெண்டாம் தடவை கேட்டா எனக்கு என்ன கிடைச்சுதுன்னு மறக்கலை" என்று சிரித்தான்.

வளர்ப்பு சரியாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல முடியாது.

மார்ச் 12, செவ்வாய்

மருமகள் நூலகத்து மேல்மாடியில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். வேலை தேடி வெளியிலிருந்து வந்தவர்கள்தான் மாணவர்கள். இந்த வாரப் பாடம், ஒன்றை வேண்டும் என்று எப்படிக் கேட்பது, எப்படி உபசரிப்பது, எப்படி மறுப்பது. விருந்தாளியாக நடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். உடனே கிளம்பினேன். வேலை செய்யக் கூப்பிட்டால் எனக்குத் தயக்கமே கிடையாது, வாங்கிக்கொள்வதில்தான்.

என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராகத் தட்டில் தேநீரோடு வந்து உபசரிக்க வேண்டும். முதலில் பேருந்து ஓட்டுநர். "வுட் யூ லைக் எ கப் ஆஃப் டீ?" நான் படித்த கான்வென்ட் பள்ளியில் மதர் ஒவ்வொரு வார்த்தைக்கும் உதட்டைப் பார்த்துத் திருத்திய உச்சரிப்பில், "நோ, தேங்க் யூ" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, அந்தக் கோப்பையை என் கண் முன்னாலேயே குடித்தார். அடுத்து தச்சர். அடுத்து ஒரு தாதி. எல்லோருக்கும் நோ, தேங்க் யூ. எல்லோரும் நல்ல பிள்ளைகளாகத் தட்டைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எனக்கோ நாக்கு வறண்டுகொண்டிருந்தது.

கடைசியாக ஒரு சலவைக் கடையில் வேலை செய்கிற அம்மாள். என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. உடுப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. மனதுக்குள் இஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டேன். அவள் கேட்டாள், மறுத்தேன். மறுபடி கேட்டாள், மறுத்தேன். மூன்றாவது முறை கோப்பையை என் கையிலேயே வைத்து அழுத்திவிட்டாள். "சரி, ஒரு வாய்" என்று முழுவதையும் குடித்தேன். நம் மொழிக்காரி!

மருமகள் அவளைத் தமிழிலேயே திருத்தினாள். "ஒரு தடவை வேணாம்னு சொன்னா விட்டுடணும். மேல மேல கேட்டா தொந்தரவு பண்றதா எடுத்துக்குவாங்க."

"நான் விட்டிருந்தா இவங்க தொண்டை காஞ்சே வீட்டுக்குப் போயிருப்பாங்க டீச்சர்" என்றாள் இஸ்திரி. "எங்க வீட்ல முதல் தடவையே சரின்னு கையை நீட்டினா, அலையறா பாருன்னு பேசுவாங்க."

வகுப்பே சிரித்தது. மருமகள் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, முதல்லயே உங்களுக்கு டீ வேணும்னுதான் இருந்துதா?"

"அரைக் கப்" என்றேன்.

மார்ச் 13, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது, பொதுவாகப் பேசுவதுபோல் கேட்டுப் பார்த்தேன். ஏன் நீங்கள் எல்லாம் ஒருவரை இரண்டு முறை கேட்பதில்லை?

மருமகளும் தமிழ்ப் பெண்தான். ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் வேறு இடம். தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒருத்தர் சொன்ன வார்த்தையை நம்பறதுதான் மரியாதைன்னு எங்கம்மா சொல்லிக்குடுத்தாங்க அத்தை. மறுபடி கேட்டா, நீ சொன்னதை நான் காதுல வாங்கலைன்னு ஆயிடுமில்ல?"

அப்படியானால் நான்காம் தேதி நான் சொன்னதை அவள் மதித்திருக்கிறாள். மதிப்பு வைத்தே என்னை வழியனுப்பப் போகிறாள். அவள் மேல் கோபப்படக்கூட வழியில்லை. நேற்றுவரை, அவளுக்கு நான் வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மார்ச் 15, வெள்ளி

நேராகக் கேட்பது என்னால் ஆகாது. ஜாடையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தீர்மானம். மருமகளோடு துணி மடிக்கும்போது, "அங்க மழை வந்தா பின்னறை ஒழுகுது" என்று பெருமூச்சு விட்டேன்.

சாயங்காலத்துக்குள் அவள் அந்த ஊர்க் கொத்தனார் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டாள். நான் போய் இறங்குவதற்கு முன்பே ஓட்டையை அடைத்துவிடுவாராம்.

மார்ச் 17, ஞாயிறு

இன்றைய ஜாடை: "தனியா இருந்தா சின்ன சத்தம்கூடப் பெரிசாக் கேக்குது."

வாசல் கதவுக்கு இரட்டைப் பூட்டு வருகிறது. அழைப்பு மணியும் மாற்றுகிறார்கள். என் வீடு கோட்டையாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு ஜாடை சொன்னால் அகழியும் வெட்டுவாள்.

மார்ச் 20, புதன்

மருமகள் அளவு நாடாவோடு என் அறைக்கு வந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க அத்தை. நீங்க போனப்புறம் இங்க எனக்கு ஒரு மேசை போட்டுக்கலாம்னு. பாடமெல்லாம் தயார் பண்ண இடமே இல்ல. ஜன்னல் பக்கம்னா வெளிச்சம் நல்லா வரும்."

"நல்ல யோசனைதான்" என்றேன். கட்டிலைத் தாண்டி நாடா எட்டவில்லை. மறுமுனையை நானே பிடித்துக்கொண்டேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்காகக் கேட்கிற வேலையை அவர்தான் பார்த்தார். எந்த வீட்டுக்குப் போனாலும், "இவ வேணாம்பா, நம்பாதீங்க, ஒரு காபி குடுங்க" என்பார். நான் முறைப்பேன். காபி வரும்.

மார்ச் 21, வியாழன்

என்ன பொம்பளை நான்? வாயைத் திறந்து கேட்டா கிரீடம் கீழ விழுந்துடுமா?

மார்ச் 22, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

முந்தைய இரவெல்லாம் நல்ல வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். உங்களுக்கு இடைஞ்சல் இல்லாத பட்சத்தில், என்று தொடங்குகிற வாக்கியங்கள். மருமகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"நான் இங்கயே இருக்கட்டுமா? போகாம. எப்பவும்."

எவ்வளவு மொட்டையாக வந்தது! மதர் கேட்டிருந்தால் பத்து முறை திருப்பிச் சொல்ல வைத்திருப்பார்.

அவள் குழாயை மூடினாள். திரும்பினாள். கையிலிருந்து நுரை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒரே முறை சொல்வார்கள். நான் அதற்குத் தயாராக நின்றேன்.

"மேசைக்குச் சொல்லியாச்சே அத்தை" என்றாள்.

"தெரியும்."

"நாளைக்கு வந்துடும்."

"தெரியும்மா."

"அப்ப அதை எங்க போடறது?" சுற்றும் முற்றும் பார்த்தாள். "கூடத்துல, சோபாவுக்குப் பின்னால?"

கையைத் துடைத்துக்கொண்டு போய் நாடாவை எடுத்து வந்தாள். "இந்தப் பக்கம் பிடிங்க." பிடித்தேன். அவள் மறுமுனையில் குனிந்து எண்ணைப் பார்த்தபடி, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்:

"அன்னிக்கு நீங்க வேணாம்னு சொன்னப்போ குளியலறையில போய் அழுதேன். என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

நாடாவை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அது சுருண்டு ஓடி அவள் கட்டை விரலில் அடித்தது. "ஆ!" என்று கத்தினாள். பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். எழுந்திருக்க எனக்குத்தான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மகன் வந்து விஷயம் கேட்டு வாசலிலேயே நின்றான். "ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ மறுபடி கேட்டிருக்கக் கூடாதா?"

"அடி யாரு வாங்கறது?" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டை ரத்து செய்யப் போனான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

எனக்கும் மருமகளுக்கும் இன்று சண்டை. நல்ல சண்டை. சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். காலை அவசரத்தில் அவள் காபியில் சர்க்கரை என்று உப்பைப் போட்டுக் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். மாலையில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"என் டப்பாவையெல்லாம் தொடாதீங்கன்னு எத்தனை தடவை அத்தை சொல்றது?"

"இப்பத்தான் முதல் தடவை சொல்றே. குப்பையாக் கெடந்தது, அடுக்கினேன்."

"அது குப்பையில்ல, என் வழக்கம்! இது என் சமையலறை!"

"நானும் இங்கதானே இருக்கேன்!"

மகன் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளையாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கடைசியில், மேல் தட்டு அவளுக்கு, அங்கே எது எங்கே இருந்தாலும் நான் கை வைக்கக் கூடாது. நடுத் தட்டு எனக்கு, உயரவாரியாக. கீழ்த் தட்டைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. நாளை பேசுவோம்.