அருக்காணியின் மாடியும் பின்பக்கத்துக் கும்மட்டமும்

புது டில்லி
9-3-1983

சிரஞ்சீவி மாணிக்கவாசகத்துக்கு அம்மா எழுதுவது. முழங்காலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நான் சௌக்கியம், அப்பாவும் சௌக்கியம், காலையில் பேப்பரோடு உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. ஆப்பிரிக்காவில், அந்த லுசாகாவில், நீ, ராஜம், குழந்தை செல்வி மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தில்லை நடராசனைக் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்தது, ஒரு பக்கம் இருந்தது. ராஜத்தின் அம்மாவுக்கு நாலு பக்கம் எழுதுகிறாயாம், கரோல் பாக்கில் பார்த்தபோது அவளே பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். காட்டட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுப் பின்பக்கத்துக் கும்மட்டம் உனக்கு நினைவிருக்கும், யாரோ ஒரு நவாபைப் புதைத்த இடம், நீ அதன் சுவரில் கரியால் ஸ்டம்பு வரைந்து கிரிக்கெட் ஆடுவாய், நான் மேடையில் வடாம் காயவைப்பேன். அதை இப்போது சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது. தொல்பொருள் இலாகாக்காரர்கள் வந்து நாடா பிடித்து அளந்து, கம்பி வேலி போட்டு, பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் ஜெயில் என்று நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதி நட்டு, ஒரு சௌகிதாரையும் உட்கார வைத்திருக்கிறார்கள். போன வாரம் வடாம் கூழை எடுத்துக்கொண்டு போனேன், "மாதாஜி, யஹாங் நஹீ, சர்க்காரி ஜகா ஹை" என்று தடியை நீட்டுகிறான், இது சர்க்கார் இடமாம், இங்கே கூடாதாம். பெயர்கூடத் தெரியாத பிணத்துக்குக் காவல், உயிரோடிருக்கிற எனக்கு முழங்காலில் தைலம் தேய்க்க ஆள் கிடையாது.

அதோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். திங்கட்கிழமை நம் வாசல் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அப்பா படித்துச் சொன்னது என்னவென்றால், கும்மட்டத்தைச் சுற்றியுள்ள வீடுகளையும் கட்டுப்பாட்டில் கொண்டுவரப் போகிறார்களாம். ஏற்கெனவே எழும்பி நிற்பது நிற்கலாம், ஒழுகினால் பூசிக்கொள்ளலாம், புதிதாக ஒரு செங்கல் மேலே ஏற்றுவதென்றால் அவர்களைக் கேட்க வேண்டும், அவர்களோ இலேசில் தரமாட்டார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம், அப்புறம் கெஜட்டில் போட்டுவிட்டால் முடிந்தது.

நிற்பது நிற்கலாம் என்றால் பக்கத்து வீட்டு அருக்காணியின் மாடி நிற்கும், நம் மாடி வரவே வராது. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. எமர்ஜென்சி வருஷம் அவள் மேல்தளம் போட்டபோது அவள் குழாயில் தண்ணீர் இல்லை, நம் வீட்டிலிருந்து ரப்பர் குழாய் இழுத்துத்தான் தளத்தை நனைத்தாள். நம் தண்ணீரைக் குடித்து இறுகிய தளம் அது. அன்றைக்கே நாமும் கட்டியிருக்க வேண்டும், அப்பா கொத்தனாரிடம் பேசியே விட்டார். நீதான், நான் வந்ததும் கட்டலாம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று நான் சொல்கிறேன் என்று எழுதினாய். தூணுக்கு விட்ட கம்பிகள் மொட்டை மாடியில் துருவேறி நிற்கின்றன, அவற்றில் கொடி கட்டித் துணி உலர்த்துகிறேன்.

அவள் பிள்ளை குழந்தைசாமி பிலாயிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு அந்த மாடியில்தான் இருக்கிறான். காலையில் மேலேயிருந்து "அம்மா, காப்பி ஆச்சா" என்று அவன் கேட்பது என் அடுப்படி வரைக்கும் வருகிறது. நான் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே வைப்பேன். படம் பிடிக்க வருகிறவர்களும் அவள் மாடிக்குத்தான் ஏறுகிறார்கள், அங்கிருந்து கும்மட்டம் முழுசாகத் தெரியுமாம், இவள் மோர் கொடுக்கிறாள். ஹிந்திப் பத்திரிகையில் இவள் படம்கூட வந்துவிட்டது, பின்னால் கும்மட்டம், முன்னால் இவள், எது பழசு என்று தெரியவில்லை.

தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஆட்சேபணை எடுபடும் என்றார் அப்பா. மானத்தை விட்டு அவளிடம் போனேன். "ஏனுங்க்கா, அது பாட்டுக்கு நிக்குது, நிக்கட்டுமே. நாலு பேரு வந்து பாக்கறாங்கொ, நம்ம தெருவுக்கே பெருமைதானுங்களே" என்றாள். "உனக்கென்னடி, ஏறி உக்காந்துட்ட, இனிமே ஏணிய எட்டி உதைக்கலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே, "கோவிச்சுக்காதீங்க்கா, மேல கட்டிப்போட்டு ஆரு வந்து இருக்கப் போறாங்கொ?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எனக்கு, அருக்காணியிடம், பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பின்வாசலில் உட்கார்ந்து அந்தக் கும்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே படுத்திருக்கிறவனைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள், ஐந்நூறு வருஷமாகப் பிள்ளை வைத்த இடத்தில் இருக்கிறான். அபசகுனமாக எழுதுகிறேன் என்று அப்பா திட்டுவார், நீ நூறு வயது இருப்பாய்.

ஆட்சேபணையை அப்பா எழுதி வைத்துவிட்டார். வீடு என் பெயரில் இருப்பதால் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். கூப்பிட்டு விசாரிப்பார்கள், யாருக்கு மாடி என்று கேட்பார்கள். அருக்காணி முன்னால் நின்ற மாதிரி அங்கேயும் வாயடைத்து நிற்க என்னால் முடியாது. நீ வந்து இருப்பாயென்றால் சொல், அந்த நவாபே எழுந்து வந்தாலும் சண்டை போடுகிறேன். இல்லையென்றால் கம்பிகளை அறுத்துவிடச் சொல்கிறேன், கொடியை வேறெங்காவது கட்டிக்கொள்ளலாம்.

கொசுவலை இல்லாமல் படுக்க வேண்டாம். செல்விக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடு, என் கடிதத்தை அவளாகப் படிக்கட்டும். ராஜத்துக்கு என் ஆசி, அவள் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். நீ எடுத்த காரியமெல்லாம் துலங்கி, குடும்பம் ஆல்போல் தழைக்கட்டும்.

ஏப்ரல் ஏழோடு கெடு முடிகிறது, கடிதம் போட்டால் வந்து சேராது, தந்தி கொடு. நிறைய வார்த்தை வேண்டாம். ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல், எனக்குப் புரிந்துவிடும்.

உன்னைப் பெற்றவள்,
வள்ளியம்மை