ஐ கோ, யூ கோ

ஆகஸ்ட் 10, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இங்காவது எழுதிவைக்கிறேன்.

சித்திரையில் எனக்குக் காய்ச்சல். பெரட்டுக்குப் போகவில்லை. விடியற்காலை அங்கே பெயர் கூப்பிடும்போது, வராதவனுக்காகப் பக்கத்து ஆள் "வந்தேன்" என்பது இந்தத் தோட்டத்து வழக்கம். அன்றைய அரிசி போய்விடக் கூடாதே. என் பெயருக்கு முனியாண்டி குரல் கொடுத்தான். அன்று படித்தது ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் பட்டியல். கணக்கெழுதும் கிராணிக்குக் குரல் யாருடையது என்று தெரியும். குரல் கொடுத்தவனையே லாரியில் ஏற்றினான். பட்டியலில் என் பெயரை எழுதியவனும் அந்தக் கிராணியே. டவுன் பள்ளியில் நான் எழுத்துக் கற்றுக்கொடுத்த பயல்.

கணக்கில் போனவன் நான். அன்றிலிருந்து பெரட்டில் நான்தான் முனியாண்டி.

ஆகஸ்ட் 11

மழை விட்டது. மரவள்ளி அவியல், மறுபடியும்.

எதிர் வீட்டில் முனியாண்டியின் மனைவி அஞ்சலை. துணி துவைத்தபடி, "ஐ கோ, யூ கோ, ஹீ கோஸ்..."

"ஜப்பான்காரன் காதுல விழுந்தா தொலைஞ்சோம். வாய மூடு."

"அவரு வர்றதுக்குள்ள முழுசா சொல்லணும்னு பந்தயம்ணே. நான் தோத்தா அவரு பீடிய ஒளிச்சு வைக்கக் கூடாதாம்."

அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கிராணியை நடுவில் வைக்காமல் வெள்ளைக்காரத் துரையிடம் தானே லீவு கேட்க ஆசை. பாடம் முடியுமுன் ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடிவிட்டார். பாடத்தின்போது ஒருநாள் அவனைக் கேட்டேன்:

"ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு மாசமாடா?"

"நடந்தே போறவனுக்கு அது போதும் வாத்தியாரே."

ஆகஸ்ட் 13

வெயில். ஆற்றோரம் ஓர் ஆள், கால் முழுக்கப் புண். அதே லாரியில் போனவன், சயாமிலிருந்து தப்பி வந்திருக்கிறான்.

"முனியாண்டி போயிட்டான். வாந்திபேதி. எரிச்சதும் பட்டியல்ல ஒங்க பேரத்தான் அடிச்சாங்க."

"கடைசியில ஏதாச்சும் சொன்னானா?"

"அந்த இங்கிலீசுதான். ஐ கோ, யூ கோன்னு. அதுக்கு மேல வரல."

அஞ்சலையிடம் சொல்லச் சொன்னேன். "என்னால ஆகாது. கூலிம் டவுனுக்கு ஓடணும். நீங்க சொல்லுங்க."

இருந்த மரவள்ளியைக் கொடுத்தேன். தொப்பியையும்.

ஆகஸ்ட் 14

செத்தவன் பெயரைத் திருத்தச் சொல்லிக் கிராணியிடம் போனேன். பழைய வாத்தியாருக்கு நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை.

"செத்தது வாத்தியார்னே இருக்கட்டும்லா. வாயத் தொறந்தீங்க, அடுத்த லாரில நீங்க."

சாயங்காலம் அஞ்சலை: "அண்ணே, 'தே' வந்தா கோவா, கோஸா?"

"கோ."

அதை மட்டும் சொன்னேன். சிரித்துக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

மேகமூட்டம். பெண்டாங் ஊரில் அஞ்சலையின் அண்ணன் இருக்கிறான், படிக்கத் தெரிந்தவன். அவனுக்கு இரண்டே வரியில் ஒரு கடிதம். முனியாண்டி சயாமில் இறந்துவிட்டான். தங்கையை வந்து அழைத்துப் போ.

கீழே பெயர் எழுத இடம் விட்டிருந்தேன். என் பெயர் அவனோடு எரிந்தது. அவன் பெயரை எழுதக் கை வரவில்லை. பத்தடி நடந்து எதிர் வீட்டில் சொல்லத் துணியாதவனுக்குக் கையெழுத்து ஒரு கேடா.

நாளை தபாலில் சேர்த்துவிடுகிறேன், பெயர் இல்லாமலே.