வீடியோவின் முதல் வரி

என் வீட்டுக்காரருக்கு,

சாம்பாரை மூடி வைத்திருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் அப்பா வீட்டுக்குப் போகிறேன்.

நீங்கள் கம்பெனியில் பெர்மனன்ட் ஆகி குவார்ட்டர்ஸ் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். புது ஏரியாவை ஃபேஸ்புக்கில் காட்ட ஒரு நிமிட வீடியோ எடுக்கச் சொன்னீர்கள். பேச வேண்டியதையும் நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். பூங்காவைக் காட்டு, நம் புது பைக்கைக் காட்டு என்றீர்கள், எல்லாம் சரி. ஆனால், "காலையில எடுக்காத, உங்க அப்பா பெருக்கிக்கினு இருப்பாரு" என்று சொல்ல எப்படி வாய் வந்தது?

அவர் கான்ட்ராக்டில் இந்தக் குவார்ட்டர்ஸ் தெருக்களைக் கூட்டுகிறார் என்பது பெண் பார்க்க வந்தபோதே உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நீங்களும் கான்ட்ராக்ட்தான்!

நீங்கள் சொன்னது அவர் காதிலும் விழுந்துவிட்டது. "வேற பிளாக்குக்கு மாத்திக்கினு போயிடறம்மா" என்கிறார்.

இன்று காலையிலேயே வீடியோவை எடுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் எழுதிய முதல் வரியை அப்படியே சொன்னேன்: "எங்க தெரு எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க." அடுத்த வரி மட்டும் என்னுடையது: "பெருக்கினது இவருதான், எங்க அப்பா."

என்னைக் கூப்பிட வந்தால், முதலில் அவரை மாமா என்று கூப்பிடுங்கள். தெருவுக்கே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தெருக் கூட்டுகிறவர் மகள்